பள்ளி மாறும் குழந்தைக்கு ஒரு வழித்துணை

ஐதராபாத்திலிருந்து மும்பை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் பட்டான்செரு. வறட்சிப் பகுதிப் பயிர்களை ஆராயும் அனைத்துலக நிறுவனமான இக்ரிசாட் 1972ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, இங்கே தன் தலைமையகத்தை அமைத்துக்கொண்டது. எழுபதுகளிலிருந்து இவ்வட்டாரத்தில் தொழிற்பேட்டைகள் பெருகின. மருந்து, வேதிப்பொருள், பொறியியல் தொழிற்சாலைகள் வேலை தேடுவோரை ஈர்த்தன. அண்டை மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குடியேறினர். அவர்களுடன் அவர்களுடைய குழந்தைகளும் வந்தனர்.

தொழில் வளர்ச்சிக்கெனச் சாலை, மின்சாரம், தண்ணீர் ஆகியவை திட்டமிடப்படுகின்றன. ஆனால் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கும், ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கும் குழந்தை எடுத்து வைக்கும் அடி, பெரும்பாலும் எவருடைய திட்டத்திலும் இடம் பெறுவதில்லை. குழந்தைகள் கல்வியை இழப்பது வகுப்பறையின் நடுவில் மட்டுமன்று. ஒரு வாயிலைக் கடந்து மறு வாயிலுக்குள் நுழையும் இடைவெளியிலும் இழக்கின்றனர். அந்த இடைவெளியில் துணை நிற்பதே தொடக்கப்பள்ளி ஆற்றுப்படுத்துநரின் தலையாய பணியாகும்.

ஆற்றுப்படுத்துநரின் பணி

பள்ளிகளில் வழிகாட்டும் பணி முதலில் தொழில் தேர்வுக்கு உதவும் பணியாகவே தோன்றியது. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளில் ஆற்றுப்படுத்துநர்களை அமர்த்த நிதி அளித்தது. 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக அவ்வுதவி தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. எதிர்காலத் தொழிலைப் பற்றி எண்ணும் வயதை எட்டாத சிறுவர்க்கும் வழித்துணை வேண்டும் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. 250 மாணவர்க்கு ஓர் ஆற்றுப்படுத்துநர் என்பது அந்நாட்டுத் தொழில்முறைச் சங்கத்தின் பரிந்துரை.

இப்பணி மூன்று நிலைகளில் நடைபெறுகிறது. முதலாவது, எல்லாக் குழந்தைகளுக்கும் வகுப்பறையில் அளிக்கப்படும் பயிற்சி. இரண்டாவது, ஒரே வகையான இடர்ப்பாடு உடைய சிலரைச் சிறு குழுவாகச் சேர்த்து நடத்தும் அமர்வு. மூன்றாவது, தனி ஒரு குழந்தையோடும் அதன் பெற்றோர், ஆசிரியர் ஆகியோரோடும் பேசித் தேவையானபோது மருத்துவரிடமோ குழந்தைகள் நல அலுவலரிடமோ அனுப்பிவைத்தல்.

பயிற்றப்படும் சமூக, மனவெழுச்சித் திறன்களை ஐந்தாகப் பகுப்பது வழக்கம்: தன் உணர்வை அறிதல், அதனை அடக்கியாளுதல், பிறர் உணர்வை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்புடன் முடிவெடுத்தல். இவை எளிய செயல்களின் வழியே கைவருபவை. 'எனக்குக் கோபமாக இருக்கிறது' என்று சொல்லக் கற்ற குழந்தை கையை ஓங்கும் தேவை குறைகிறது. 'எனக்குப் புரியவில்லை' என்று கேட்கத் துணிந்த குழந்தை, பாடத்தை மட்டுமன்றிப் பள்ளியையும் கைவிடாது நிற்கிறது. ஆகவே இத்திறன்கள் பாடத்திற்கு அப்பாற்பட்ட அணிகலன்கள் அல்ல. பாடம் தங்குவதற்குரிய அடித்தளம் ஆகும்.

இந்தியாவில் இக்கருத்தின் வரலாறு

இந்தியாவுக்கு இக்கருத்து புதியதன்று. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு, வழிகாட்டுதல் தொடக்கப்பள்ளியின் கீழ்வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்றது. இதற்கு ஆசிரியர்களைப் பயிற்சிக் காலத்திலேயே ஆயத்தப்படுத்த வேண்டும் என்றும் கூறியது. உயர்நிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை, பத்துப் பள்ளிகளுக்கு ஒருவராகச் சுற்றி வரும் ஆற்றுப்படுத்துநரைப் பரிந்துரைத்தது.

2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் வேண்டும் என வரையறுக்கிறது. அதன் அட்டவணையில் ஆற்றுப்படுத்துநர் பணியிடம் இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடைநிற்றலைத் தடுக்க ஆற்றுப்படுத்துநர்களும் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களும் மாணவரோடும் பெற்றோரோடும் தொடர்ந்து பணியாற்ற வேண்டும் என்கிறது. பணி ஏற்கப்பட்டுவிட்டது, அதனைச் செய்யும் ஆளுக்குரிய இடம் பள்ளி அளவில் இன்னும் உறுதி செய்யப்படவில்லை.

முதல் வாயில்: வீட்டிலிருந்து வகுப்பறைக்கு

ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் சேரும் குழந்தை தாயின் கையை மட்டுமன்றி வீட்டு மொழியையும் வாயிலில் விட்டு வருகிறது. பட்டான்செரு போன்ற ஊரில் தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா பேசும் இல்லங்களின் குழந்தைகள் அருகருகே வாழ்கின்றனர். தெலங்கானாவில் 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிக் கல்வியும் தொடங்கப்பட்டது. எனவே சில குழந்தைகளுக்கு வீட்டு மொழி ஒன்று, தெரு மொழி ஒன்று, பாட மொழி மற்றொன்று.

முதல் வகுப்பின் தொடக்கத்தில் மூன்று மாத காலம் விளையாட்டு வழியாகக் குழந்தைகளை ஆயத்தப்படுத்த 'வித்யா பிரவேஷ்' என்னும் திட்டம் 2021ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஆற்றுப்படுத்தும் நோக்கில் இம்மூன்று மாதங்கள் மிக மதிப்புடையவை. பள்ளி திறக்குமுன் தாயும் குழந்தையும் வகுப்பறையைப் பார்த்துச் செல்வது, அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் இயல்பை ஆசிரியரிடம் கூறுவது, தண்ணீர், பசி, வலி, பயம் ஆகிய சொற்களையாவது குழந்தையின் மொழியில் ஆசிரியர் அறிந்திருப்பது ஆகியவை செலவில்லாத, ஆயினும் பயன்மிக்க செயல்கள்.

இரண்டாம் வாயில்: மாநிலத்திலிருந்து மாநிலத்திற்கு

இடம்பெயரும் குழந்தையின் நிலை இதனினும் கடினமானது. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து தெலங்கானாவின் செங்கல் சூளைகளுக்கு வரும் குடும்பங்கள் மழை ஓய்ந்த பின் வந்து, அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்புகின்றன. பள்ளியாண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஆகவே இக்குழந்தை சொந்த ஊரில் ஆண்டின் பிற்பகுதியையும், வந்த ஊரில் முற்பகுதியையும் இழக்கிறது. இரு பள்ளிகளின் பதிவேடுகளிலும் பெயர் இருக்கலாம். இரண்டிலும் கல்வி முழுமை பெறுவதில்லை.

சட்டம் இதற்கு ஓரளவு வழி செய்துள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, பள்ளி மாறும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழ் உடனே வழங்கப்பட வேண்டும். அது தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 4ஆம் பிரிவு, கல்வியில் பின்தங்கிய குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வழிவகுக்கிறது. ஆனால் ஒன்பது வயதில் மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில் அமரும் குழந்தைக்கு எழுத்தறிவு போதாது என்ற வெட்கத்தைச் சட்டம் நீக்கிவிடாது. அதனை நீக்குவது ஆற்றுப்படுத்தும் பணி.

இவ்வகையில் அண்டை மாவட்டமான ரங்காரெட்டியின் அனுபவம் கருதத்தக்கது. அங்கு 1991ஆம் ஆண்டு முதல் எம்.வி. அறக்கட்டளை, வேலைக்குச் சென்ற சிறுவர்களை மீட்டு, உறைவிட இணைப்புப் பயிற்சி முகாம்களில் தங்கவைத்துப் பின் முறைசார் பள்ளிகளில் சேர்த்தது. இதனை முன்னின்று நடத்திய சாந்தா சின்ஹா 2003ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றார். முகாமில் எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட்டதோடு, உழைப்பாளியாக இருந்த சிறுவன் மாணவன் என்னும் புதிய நிலைக்குப் பழகவும் செய்தான். பள்ளியில் சேர்த்த பிறகும் தொண்டர்கள் அவனைப் பின்தொடர்ந்து பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசினர். சேர்க்கை என்பது பணியின் முடிவன்று, தொடக்கமே என்பது இவ்வனுபவம் தரும் பாடம்.

மூன்றாம் வாயில்: ஐந்திலிருந்து ஆறுக்கு

ஊரிலேயே நிலையாக வாழும் குழந்தைக்கும் ஒரு வாயில் காத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு தொடக்கப்பள்ளி முடிந்து, ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி செல்ல நேர்கிறது. பெயர் சொல்லி அழைத்த ஓரிரு ஆசிரியருக்கு மாறாகப் பாடந்தோறும் ஓர் ஆசிரியர், பள்ளியின் மூத்த மாணவராக இருந்தவர் இங்கே மிக இளையவர், தொலைவும் கூடுகிறது. நெடுஞ்சாலையைக் கடந்து மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் உண்டு.

இங்குச் செய்யத்தக்கவை நான்கு. ஐந்தாம் வகுப்பினரைக் கோடை விடுமுறைக்கு முன்னரே புதிய பள்ளிக்கு அழைத்துச் சென்று காட்டுதல். ஒவ்வொருவருக்கும் அதே தெருவைச் சேர்ந்த மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக அமர்த்துதல். குழந்தையின் வலிமையையும் தேவையையும் கூறும் ஒரு பக்கக் குறிப்பைப் பழைய ஆசிரியர் புதிய ஆசிரியரிடம் சேர்த்தல். முதல் மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் வாராத குழந்தையின் வீட்டுக்குச் சென்று காணுதல்.

எதிர்பாராத இழப்பு

திட்டமிட இயலாத மாற்றங்களும் உள்ளன. 2025 ஜூன் 30 அன்று பட்டான்செரு வட்டாரத்தின் பாசமைலாரம் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் வெளிமாநிலத்தவர். இத்தகைய இழப்புக்கு ஈட்டுத்தொகை அறிவிக்கப்படுகிறது, அது இன்றியமையாதது. எனினும் தந்தையை இழந்த குழந்தை ஒரே மாதத்தில் வீட்டையும், ஊரையும், பள்ளியையும் இழக்கக்கூடும். அதன் மௌனத்தைச் சோம்பல் என்றோ சினத்தைக் குறும்பு என்றோ கொள்ளாத ஆசிரியர் ஒருவர் அதற்கு வேண்டும்.

அலுவலர்க்குரிய கடமை

இப்பணியை ஏற்கெனவே சுமை மிகுந்த இரண்டாசிரியர் பள்ளியின்மீது ஏற்றிவிட்டு அமைதி கொள்வது முறையாகாது. ஒரு பள்ளித் தொகுப்புக்கு ஓர் ஆற்றுப்படுத்துநர் என அமர்த்தி, ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி அளிப்பது நடைமுறைக்கு ஏற்றது. கோத்தாரி குழு உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கூறிய சுற்றுமுறையைத் தொடக்கப்பள்ளிக்கும் விரிவாக்குவதே இது. ஆற்றுப்படுத்துநர் தண்டிப்பவராகவோ குற்றம் விசாரிப்பவராகவோ அமையலாகாது. குழந்தை கூறியதைப் பிறர் நடுவே வெளியிடலாகாது. குழந்தைக்குத் தீங்கு நேரும் எனத் தோன்றினால் மட்டும் உரியவரிடம் தெரிவித்தல் கடமை. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

இப்பணியின் வெற்றியை அளக்க நடத்திய கூட்டங்களின் எண்ணிக்கை உதவாது. ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பை முடித்தவருள் எத்தனை பேர் செப்டம்பரில் ஆறாம் வகுப்பில் அமர்ந்துள்ளனர், நவம்பரில் சூளைக்கு வந்த குழந்தைகளுள் எத்தனை பேர் ஜூனில் தம் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பினர் என்பனவே உரிய அளவுகோல்கள். ஒரு பள்ளி குழந்தையை அனுப்பிவிட்டதோடு தன் பொறுப்பு முடிந்ததெனக் கருதாமல், மறு பள்ளி ஏற்றுக்கொண்டதை அறியும்வரை காத்திருக்குமானால், இடைவழியில் தொலையும் குழந்தைகளின் தொகை குறையும் என்பதில் ஐயமில்லை.