மணிப் பொத்தானா, விளக்குச் சுவிட்சா?

மாதிரி ரயில் பாதை வழியே ஒரு மின்னியல் பாடம்

ஓம் விதிக் கணக்கைப் பிழையின்றிப் போடும் மாணவரிடம், "இந்தக் கருவிக்கு எந்தச் சுவிட்ச் பொருத்தலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் தயங்குவார். சூத்திரம் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு முடிவெடுக்கும் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தை வளர்க்க ஏற்ற சிறு சிக்கல் ஒன்றை இங்கே காண்போம். ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தவியல், பத்தாம் வகுப்பில் ஜூல் வெப்ப விதி ஆகியவற்றை முடித்தபின் இரண்டு பாடவேளைகளில் இதை நடத்தலாம். செயல்பாட்டை மட்டும் எட்டாம் வகுப்பிலும் செய்யலாம்.

சிக்கல் இதுதான்: மாதிரி ரயில் பாதையில், வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் 'பாயிண்ட்' இருக்கிறது. அதை இயக்க எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்குவது?

பாயிண்ட் எப்படி நகர்கிறது?

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் கூர்மையான இரு நகரும் தண்டவாளங்கள் உண்டு. அவை சற்றே பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், வண்டி செல்லும் வழி மாறிவிடும். மாதிரி ரயிலில் இந்த நகர்வு சில மில்லிமீட்டர் மட்டுமே. இதைச் செய்யப் பரவலாக இரண்டு வகைக் கருவிகள் உள்ளன.

முதல் வகை இரட்டை வரிச்சுருள். நடுவில் ஓர் இரும்புத் தண்டு. அதன் இருபுறமும் ஒவ்வொரு சுருள். இடச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் தண்டு இடப்பக்கம் இழுக்கப்படும்; வலச்சுருளில் பாய்ந்தால் வலப்பக்கம். தண்டு 'டக்' என்று நகர்ந்து, அங்கேயே நின்றுகொள்ளும். அதன்பிறகு மின்னோட்டம் தேவையில்லை.

இரண்டாம் வகை மெதுவாகச் சுழலும் சிறு மோட்டார். அமெரிக்காவின் சர்க்கியூட்ரான் நிறுவனத்தின் 'டார்ட்டாய்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெயருக்கேற்ப ஆமை போல மெல்ல நகர்த்தும். முனையை எட்டியதும் மோட்டார் நின்றுவிடும். ஆனால் மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்துகொண்டே இருக்கும். பாயிண்டை அழுத்திப் பிடித்திருக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

கரும்பலகையில் இரு பத்திகளாக எழுதுங்கள். கணக்கு எளிதாக இருக்க, இரண்டிலும் நேர்த்திசை மின்னோட்டம் என்றே கொள்வோம்.

வரிச்சுருள்: மின்னழுத்தம் 16 வோல்ட், மின்தடை 4 ஓம் எனக் கொள்வோம். மின்னோட்டம் 16 ÷ 4 = 4 ஆம்பியர். திறன் 16 × 4 = 64 வாட்.

மோட்டார்: 12 வோல்ட். முனையில் நிற்கும்போது சுமார் 16 மில்லி ஆம்பியர். திறன் 12 × 0.016 = 0.19 வாட்.

முன்னது பின்னதைவிட முந்நூறு மடங்குக்கும் மேல். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோல் 25 வாட் அளவில் கிடைக்கிறது. விரல் பருமன் உள்ள ஒரு சுருளில் அதைப்போல் இரண்டரை மடங்கு திறன் என்பதை மாணவர்கள் இப்போது உணர்வார்கள்.

அடுத்து நேரத்தைச் சேர்க்க வேண்டும். வரிச்சுருளில் 0.2 வினாடி மின்னோட்டம் பாய்ந்தால் வெளிப்படும் வெப்பம் 64 × 0.2 = 12.8 ஜூல். 10 வினாடி பாய்ந்தால் 640 ஜூல். சுருளில் 10 கிராம் செம்பு இருப்பதாகக் கொள்வோம். செம்பின் தன் வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 0.385 ஜூல். வெப்பம் வெளியேறவில்லை எனில், முதல் நிலையில் வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் அளவே உயரும். இரண்டாம் நிலையில் 166 டிகிரி உயரும். உண்மையில் சிறிது வெப்பம் வெளியேறும். சூடேறச் சூடேற மின்தடையும் கூடும். ஆகவே உயர்வு இதைவிடக் குறையலாம். ஆனாலும் கம்பியின் எனாமல் பூச்சு கருகவும், சுருளைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகவும் அது போதும்.

மின்னழுத்தமும் சுருளும் மாறவில்லை. நேரம் மட்டுமே மாறியது. ஜூல் விதியில் 't' என்ற எழுத்து ஏன் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

இனி பெட்டியைத் தேர்ந்தெடுப்போம்

வீட்டில் இரு வகைச் சுவிட்சுகள் உண்டு. அழைப்பு மணிப் பொத்தான், விரலை எடுத்ததும் விட்டுவிடும். விளக்குச் சுவிட்ச், போட்டது போட்டபடி நிற்கும். கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் இப்படியே பிரிக்கலாம்.

இரட்டை வரிச்சுருளுக்கு மணிப் பொத்தான் வகையே ஏற்றது. பிரிட்டனின் ஹார்ன்பி, பீகோ நிறுவனங்கள் இதற்கென நெம்புகோல் சுவிட்சுகள் தருகின்றன. நெம்புகோல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும் வழியில் மட்டும் தொடுமுனை ஒரு கணம் இணையும். அமெரிக்காவின் அட்லஸ் பெட்டியில் பொத்தானை வேண்டிய பக்கம் நகர்த்தி, பிறகு அழுத்த வேண்டும். பொத்தான் மேலெழாமல் சிக்கிக்கொண்டால் சுருள் கருகும். எனவே எந்தப் பெட்டியானாலும், மின்சாரம் கொடுக்கும் முன்பே பொத்தான் தடையின்றி மீள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டார்ட்டாய்ஸ் போன்ற மோட்டாருக்கு நின்றுகொள்ளும் சுவிட்ச் வேண்டும். அது மின்வாய்களை மாற்றித் தருவதாகவும் இருக்க வேண்டும். திசை மாறினால்தானே மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும்!

ஜப்பானின் காட்டோ நிறுவனப் பாயிண்ட் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதில் ஒரே சுருள், இரண்டே கம்பிகள். திசை மாறிய மின்னோட்டம் வேண்டும். அதுவும் ஒரு கணமே வேண்டும். மூன்று கம்பிகள் கொண்ட இரட்டைச் சுருளுக்கான பெட்டி இதற்குப் பொருந்தாது.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மின்னோட்டம் எவ்வளவு நேரம் தேவை? எவ்வளவு ஆம்பியர்? திசை மாற வேண்டுமா? விலையும் நிறமும் இவற்றுக்குப் பிறகே.

மின்தேக்கி என்னும் காவலர்

பொத்தான் சிக்கினாலும் சுருள் கருகாமல் இருக்க ஒரு வழி உண்டு. 24 வோல்ட் நேர்த்திசை மின்மூலத்திலிருந்து, 220 ஓம் மின்தடை வழியாக 4700 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை மின்னேற்ற வேண்டும். அதில் சேரும் ஆற்றல் ½CV² = 1.35 ஜூல். பொத்தானை அழுத்தியதும் அந்த ஆற்றல் சுருளில் பாய்ந்து தண்டைச் சட்டென இழுக்கும். விரலை எடுக்காவிட்டாலும், அதன்பின் சுருளில் பாய்வது 24 ÷ 224, அதாவது சுமார் 0.11 ஆம்பியர்தான். சுருளின் திறன் 0.05 வாட் அளவே. அடுத்த முறை இயக்க, மின்தேக்கி மீண்டும் நிரம்பச் சுமார் 5 வினாடி காத்திருக்க வேண்டும். இக்கணக்கை மெல்லக் கற்போருக்குத் தர வேண்டாம்; ஆர்வமுள்ளவர்களுக்குக் கூடுதல் பணியாகத் தரலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: அகலமான உறிஞ்சுகுழல், அதனுள் எளிதாக நகரும் இரும்பு ஆணி, மோட்டார் சுருள் கட்டும் கடையில் கிடைக்கும் 32 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, அழைப்பு மணிப் பொத்தான்கள் இரண்டு.

1. குழலின் மேல் சிறு இடைவெளி விட்டு, 200 சுற்றுகள் கொண்ட இரு சுருள்களைச் சுற்றுக.
2. கம்பி முனைகளில் எனாமலை உப்புத்தாளால் நன்கு சுரண்டுக.
3. இரு சுருள்களிலும் ஒவ்வொரு முனையைச் சேர்த்து, மின்கல அடுக்கின் ஒரு முனையில் இணைக்க. மற்ற இரு முனைகளையும் தனித்தனிப் பொத்தான் வழியே அடுக்கின் மறுமுனையில் இணைக்க.
4. ஆணியை உள்ளே இடுக. ஒரு சுருளுக்குள் இருக்கும்போது அதன் மறுமுனை அடுத்த சுருளின் வாயை எட்டும் அளவுக்கு ஆணி நீளமாக இருக்க வேண்டும்.
5. பொத்தான்களை மாறிமாறி ஒரு கணம் மட்டும் அழுத்துக.

ஆசிரியர் கவனத்திற்கு: மின்கலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும், சுவர் மின்சாரத்தில் இணைக்கவே கூடாது. ஒரு வினாடிக்கு மேல் பொத்தானை அழுத்த விட வேண்டாம்.

பொத்தான் கட்டளை மட்டுமே

செயல்பாட்டின் முடிவில், மின்கலத்தைச் சொல்லாமல் கழற்றிவிட்டு ஒரு மாணவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு, "ஆணி இப்போது எந்தப் பக்கம்?" என்று குழலைப் பார்க்காத மாணவர்களைக் கேளுங்கள். பலர் பொத்தானைப் பார்த்தே விடை சொல்வார்கள். பொத்தான் தருவது கட்டளை. அது நிறைவேறியதா என்பதைப் பாயிண்டிடமே கேட்க வேண்டும். உண்மையான ரயில்வேயில் பாயிண்ட் சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொண்டதைத் தனிச்சுற்று உறுதிசெய்த பிறகே சிக்னல் விழும். பல உயிர்களைக் காக்கும் ஏற்பாடு அது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஒரு சுருளின் மின்தடை 8 ஓம். மின்னழுத்தம் 16 வோல்ட். அரை வினாடியில் வெளிப்படும் வெப்பம் என்ன? (விடை: 16 ஜூல்)
2. டார்ட்டாய்ஸ் மோட்டாருக்கு மணிப் பொத்தான் பொருத்தினால் என்ன நேரும்?
3. மிக்ஸி, கார் ஹாரன், கதவின் மின்பூட்டு ஆகியவற்றில் எவ்வகைச் சுவிட்ச் உள்ளது? ஏன்?

மூன்றாம் வினாவுக்கான விடையில் 'ஏன்' என்ற பகுதிக்கே கூடுதல் மதிப்பெண் வழங்குங்கள். மிக்ஸியில் இரு வகையும் ஒரே குமிழில் இருப்பதை ஒரு மாணவராவது கண்டு சொல்வார்.