மருந்துக் கடையும் மருத்துவச் சான்றிதழும்

இரவெல்லாம் காய்ச்சல். ஆயினும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பாலை நிறுவைக்குக் கொடுத்துவிட்டுப் பிற்பகலில் பட்டணத்து மருந்துக் கடைக்குப் போய், "காய்ச்சல், உடம்பு வலி" என்று கூறி மாத்திரை வாங்கிவருவோர் நம் தோட்டங்களில் பலர்.

இதனை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. அரசாங்க மருத்துவ நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். கடையில் அத்தொகைக்கு ஓர் அட்டை மாத்திரை கிடைப்பதே அரிது. ஆகவே, காரணம் மருந்தின் விலையன்று. எண் எடுத்துக் காத்திருந்தால் காலைப் பொழுது கழியும். அன்றைய கூலியும் போகும் என்னும் அச்சமே காரணம்.

ஆனால், அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், ஐந்தாண்டுக்குக் குறைந்தவருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். நிருவாகம் நியமித்த மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளும் செலவும் நிருவாகத்தையே சாரும். இவ்விடுப்புக்குப் பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். 48 மணி நேரத்திற்குள் நிருவாகத்திற்குத் தெரிவிக்கவும் வேண்டும். மருந்துக் கடை ரசீது இதற்குச் செல்லாது. கூலி போகுமென்று அஞ்சிக் கடைக்குச் செல்பவரே, மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டால், கூலியை இழக்கிறார்!

உயிருக்கும் ஆபத்து உண்டு. டிங்கிக் காய்ச்சலும் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே தோன்றும். இரத்தப் பரிசோதனையின்றிப் பிரித்தறிவது கடினம். டிங்கியில் மூன்றாம் நாளுக்குப் பின் சூடு தணியும் வேளையே அபாயமானது. "மாத்திரை கேட்டுவிட்டது" என்று பலர் மகிழ்வதும் அப்பொழுதுதான். ஆஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை மிகுவிக்கும். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவை தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதித்தல் கூடாது.

சளி, சிராய்ப்பு போன்றவற்றுக்குப் பதிவுபெற்ற மருந்தாளரை நாடுவதில் தவறில்லை. காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். முன்பே மாத்திரை விழுங்கியிருந்தால், அதன் அட்டையை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.