இரண்டாம் படகும் 1025ஆம் செய்தியும்

உயர்தர வகுப்பில் நாங்கள் பைதனில் எழுதும் செய்நிரல்கள் கறுப்புத் திரையில் சில இலக்கங்களைக் காட்டிவிட்டு முடிந்துவிடும். பொத்தான்கள் உள்ள ஒரு சாளரத்தை நானே செய்ய வேண்டும் என்ற ஆசையில், விடுமுறையில் சி மொழி படித்து, வாப்பாவின் மீன் வாடிக்கு ஒரு கணக்குச் செய்நிரல் எழுதினேன். வாடியில் இரண்டு படகுகள். படகைத் தெரிவு செய்து, அன்றைய மீனின் நிறையைக் கிலோவில் தட்டி, 'என்டர்' அழுத்தினால் பதிவாகிவிடும்.

ஒரு வாரத்தில் வாப்பா கேட்டார்: "மகள், ரெண்டாம் படகுட கணக்கு ஒண்டுமே இல்லியே?"

எனக்குக் கை நடுங்கியது. கடலுக்குப் போனவர்களுக்குப் பங்கு பிரிப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான். நல்லவேளை, நிறுத்தவர் துண்டுகளில் எழுதி வைத்திருந்தார். முதலாம் படகின் கணக்கில் ஒரு கிலோகூடப் பிசகவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

சாளரச் செய்நிரல் மேலிருந்து கீழாக ஓடி முடிவதில்லை, காத்திருக்கிறது. நாம் எதைச் செய்தாலும் விண்டோஸ் அதற்கு ஒரு செய்தி அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. விசை அழுத்தினால் 256, சுட்டியின் இடப் பொத்தானை அழுத்தினால் 513. எண்ணோடு இரண்டு சிறு பெறுமானங்களும் வரும். செய்திகள் வரிசையில் நிற்க, சாளரம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும். ஒரு செய்தியிலேயே நெடுநேரம் நின்றால் மற்றவை தேங்கி, திரை உறைந்துவிடும்.

அதனால் பழைய கணக்குகளைக் கூட்டும் வேலையைப் பின்னணியில் ஓடவிட்டேன். வேலை முடிந்ததும் அது சாளரத்துக்குச் சொல்ல வேண்டுமே! அதற்குத்தான் நாமே உருவாக்கும் செய்தி. அனுப்ப இரண்டு வழிகள். 'சென்ட்மெசேஜ்' பதில் வரும்வரை வாசலில் நிற்கும். 'போஸ்ட்மெசேஜ்' கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். நான் இரண்டாவதை எடுத்தேன். செய்தியின் எண் 1025, அதனோடு போகும் பெறுமானம் படகின் இலக்கம். நான் பார்த்துப் படித்த உதாரணத்தில் அந்த எண்தான் இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிழையைக் கண்டுபிடித்தது என் தங்கச்சி. "ராத்தா, ரெண்டாம் படக எடுத்தா 'ரத்து' பொத்தானச் சுத்திக் கோடு வருதே" என்றாள். அந்தக் கோடு வந்த பொத்தானைத்தான் என்டர் விசை அழுத்தும்!

நம்மூர்க் கடற்கரையில் இல்மனைட் மணல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. கிடக்கிறதே என்று அள்ளிவர முடியாது. அதற்கு உரித்தான நிறுவனம் இருக்கிறது. செய்தி எண்களும் அப்படித்தான். 1024க்குக் கீழே உள்ளவை விண்டோஸுக்கு. 1024 முதல் 32767 வரை அந்தந்தச் சாளர வகைக்குச் சொந்தம். 32768 முதல் 49151 வரைதான் நம் செய்நிரலுக்கு விடப்பட்ட காணி. அதற்கு மேல் 65535 வரை, வெவ்வேறு செய்நிரல்கள் ஒரு பெயரைப் பதிந்து பொதுவாகப் பெற்றுக்கொள்ளும் எண்கள்.

என் சாளரம் உரையாடல் பெட்டி என்ற வகை. அந்த வகையில் 1025க்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு: 'இந்த இலக்கமுள்ள பொத்தானை என்டருக்கு உரியதாக்கு'. வழக்கமாக 'சரி' பொத்தானின் இலக்கம் 1, 'ரத்து' பொத்தானின் இலக்கம் 2. என் சேமிக்கும் பொத்தானும் 1தான். ஆகவே முதலாம் படகு தப்பியது. இரண்டாம் படகின் கணக்கு முடிந்ததும் என் செய்தி 2 என்ற பெறுமானத்தோடு போய், என்டரை 'ரத்து'க்கு மாற்றிவிட்டது. வாப்பா நிறையைத் தட்டி என்டர் அழுத்த, பெட்டி மூடிக்கொண்டது. சேமித்துவிட்டுத்தான் மூடுகிறது என்று அவர் நம்பியிருந்தார்.

இன்னொரு பிழையும் என்னுடையதுதான். செய்தியைப் பெற்ற என் பகுதி, 'நான் கவனித்துவிட்டேன்' என்பதற்கு அடையாளமான மெய்ப் பெறுமானத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பெட்டி அதைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்திருக்காது. ஆனால் அதை மட்டும் திருத்தி 1025ஐ அப்படியே விட எனக்கு மனமில்லை. ஒருநாள் விண்டோஸே உண்மையாக 1025 அனுப்பினால், கூட்டல் முடிந்துவிட்டது என்று என் செய்நிரல் ஏமாந்துபோகும்.

எண்ணை 32769 ஆக்கினேன். திருப்பிக் கொடுக்கும் பெறுமானத்தையும் சரிசெய்தேன். ஆறு நாள் துண்டுகளைப் பார்த்து, இரண்டாம் படகின் கணக்கை நானே தட்டினேன். இப்போது இரண்டு படகுக்கும் கணக்கு ஒழுங்காகப் பதிகிறது. இருந்தாலும் வாப்பா அந்தத் துண்டுகளை இன்னும் எறிவதில்லை.