பன்னீர் திராட்சை ஒரே சீராகக் கறுக்க

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தனை புகழ் பெற்ற பழம்தான். ஆனாலும் கறுத்த கொத்துக்குள் நாலைந்து பச்சைக்காய் தெரிந்தால் வியாபாரி விலையை இறக்கிவிடுகிறார். அந்தப் பச்சைக்காயைக் குறைக்கும் வழிகள் இவை. கொல்லையில் ஒற்றைக் கொடி வைத்திருப்பவருக்கும் உதவும்.

1. கவாத்து முடிந்த கையோடு மக்கிய தொழு உரமும் தழை உரமும் இடுங்கள். சாம்பல்சத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை அப்போதே வையுங்கள். மறுபாதியைக் கவாத்திலிருந்து 60ஆம் நாள் வைக்க மறக்காதீர்கள். பழம் இனிப்பதும் நிறம் வாங்குவதும் அதனால்தான்.

2. யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலை செழித்துப் பந்தலை மூடும். நிழலில் கொத்து கறுக்காது, சாம்பல் நோயும் வரும்.

3. பூக்கும் முன் ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை இலைவழி உரம் தெளியுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்குப் போரிக் அமிலம் 10 கிராம், துத்தநாக சல்பேட் 20 கிராம், யூரியா 100 கிராம்.

4. வளர்ச்சி ஊக்கி: காய் பிடித்து 10 முதல் 12 நாளுக்குள், பிராசினோஸ்டீராய்டு 0.5 பிபிஎம், ஜிப்ரலிக் அமிலம் 25 பிபிஎம் கலந்த கரைசலில் கொத்துகளை முக்கி எடுக்க வேண்டும். 25 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 25 மில்லிகிராம். சுத்தமான தூள் 1 கிராம் 40 லிட்டருக்குக் காணும். தூளை நேரே தண்ணீரில் கொட்டினால் சரியாகக் கரையாது. முதலில் சிறிது ஆல்கஹாலில் கரைத்துக்கொண்டு பிறகு தண்ணீரில் ஊற்றுங்கள். கடையில் கிடைப்பது திரவமாகவோ மாத்திரையாகவோ இருந்தால் அதன் வீரியத்தைப் படித்துக் கணக்கிடுங்கள். வெயில் ஏறுமுன் அல்லது சாய்ந்தபின் முக்குங்கள். கையுறை அவசியம்.

5. தாம்சன் விதையில்லாத் திராட்சைக்குச் சொல்லும் முறையைப் பன்னீருக்குச் செய்யாதீர்கள். விதையுள்ள காய்க்கு விதையே ஜிப்ரலினைச் சுரந்து கொடுக்கிறது. தாம்சனுக்கு அது வெளியிலிருந்து வர வேண்டும். அதனால்தான் பூ மூடி உதிரும்போது ஒரு முறை, காய் மிளகளவு ஆனதும் ஒரு முறை என இரண்டு தடவை முக்குகிறார்கள். அளவு மிஞ்சினால் அடுத்த போகத்தில் பூக்கும் கண்கள் குறையும்.

6. காய் பட்டாணி அளவு ஆனதும், நெருக்கமான கொத்தில் ஐந்தில் ஒரு பங்கு காய்களைக் கத்தரித்து விடுங்கள். வளர்த்த கைக்கு மனசு வராது. ஆனால் இதைச் செய்யாமல் ஊக்கிக்குச் செலவழிப்பது வீண் என்பேன். காய்கள் ஒன்றையொன்று நெருக்கினால் உள்ளே இருப்பது பருக்காது.

7. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள்.

8. கொத்தின் அடிநுனிக் காயைப் பறித்துத் தின்று பாருங்கள். கடைசியாக இனிப்பேறுவது அதுதான். புளித்தால் பொறுத்திருங்கள். வாழையும் மாங்காயும் பறித்த பிறகும் பழுக்கும்; திராட்சை பழுக்காது.