கப்பி மீனின் நிறமும் மரபும்

கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும், சென்னையின் கொளத்தூரில் உள்ள வண்ண மீன் கடைகளிலும் கப்பி மீன் இரு வகையாக விற்பனைக்கு வருகிறது. பல நிறங்கள் கலந்த மீன்கள் மொத்தமாகக் குறைந்த விலைக்குப் போகின்றன. குறிப்பிட்ட பெயருடைய தூய வகைகள் இணை இணையாகப் பன்மடங்கு விலை பெறுகின்றன. இரண்டும் ஒரே இனம். இரண்டும் உண்ணும் தீவனமும் வாழும் தொட்டியும் ஒன்றே. விலை வேறுபாட்டிற்குக் காரணம் மரபு ஒன்றே. வீட்டுக் கொல்லையில் சில தொட்டிகளை அமைத்து வருமானம் ஈட்ட முற்படும் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது.

இனத்தின் இயல்பு

கப்பி மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் டிரினிடாட் தீவும் ஆகும். வெனிசுவேலாவின் கராகஸ் நகரிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு ஜெர்மன் அறிஞர் பீட்டர்ஸ் 1859-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவரின் பெயரே இம்மீனுக்கு வழக்குப் பெயராக நிலைத்தது. கொசுப் புழுக்களை உண்ணும் என்ற காரணத்தால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது.

இது முட்டையிடாமல் குட்டி ஈனும் மீன். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குட்டிகள் பிறக்கின்றன. அவை இரண்டு அல்லது மூன்று மாதங்களில் இனப்பெருக்க வயதை எட்டுகின்றன. ஆகவே ஓராண்டிற்குள் மூன்று தலைமுறைகளைக் காண இயலும். கால்நடைகளில் பல ஆண்டுகள் காத்திருந்து அறிய வேண்டிய மரபு விதிகள் இங்கே சில மாதங்களில் கண்கூடாகின்றன.

நிறம் தோன்றும் விதம்

கப்பியின் தோலில் மூவகை நிற உயிரணுக்கள் உள்ளன. மெலனின் என்னும் பொருளைக் கொண்டவை கருமை தருகின்றன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களை மற்றொரு வகை தருகிறது. மூன்றாவது வகையில் நிறப்பொருள் இல்லை. அதிலுள்ள குவானின் படிகங்கள் ஒளியைப் பிரதிபலிப்பதால் நீலமும் பச்சையும் மின்னுகின்றன.

ஆரஞ்சுப் புள்ளிகளில் இரு பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் கரோட்டினாய்டு பாசி முதலிய உணவிலிருந்து கிடைப்பது. டிரோசோப்டெரின் மீனின் உடலிலேயே உருவாவது. எனவே நல்ல தீவனம் மரபில் உள்ள புள்ளியை ஒளிரச் செய்யும். மரபில் இல்லாத புள்ளியை உண்டாக்காது. நிறம் கூட்டும் தீவனத்திற்குப் பெருந்தொகை செலவிட்டும் கலப்பு மீன் கலப்பு மீனாகவே இருப்பது இதனால்தான்.

பெண் மீன் பெரும்பாலும் மங்கலான சாம்பல் நிறமுடையது. நிறத்திற்குரிய மரபணுக்கள் அதனிடம் இல்லை என்பது இதன் பொருளன்று. அவற்றுள் பல வெளிப்படுவதற்கு ஆண் சுரப்புநீர் தேவைப்படுகிறது. டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீவனத்தை உண்ட பெண் மீன்களில் மறைந்திருந்த நிறம் தோன்றுவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. ஆய்வுக்குரிய இம்முறையை விற்பனைக்காகக் கையாளுதல் முறையன்று. அவ்வாறு நிறமேற்றிய மீன்களின் இனப்பெருக்கத் திறன் கெடக்கூடும். அவற்றைத் தாய்மீன்களாக நம்பி வாங்குபவரே இழப்பை ஏற்க நேரிடும்.

தந்தை வழியும் தாய் வழியும்

கப்பியின் உயிரணுவில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். முதுகுத் துடுப்பில் உள்ள புள்ளி தந்தையிடமிருந்து மகன்களுக்கு மட்டுமே செல்கிறது என்பதை டென்மார்க்கின் ஜொஹான்னஸ் ஷ்மிட் 1920-இல் வெளியிட்டார். இதற்குக் காரணமான மரபணு ஒய் குரோமோசோமில் இருப்பதை அந்நாட்டின் விங்கே 1922-இல் விளக்கினார். 1927-இல் அவர் 18 மரபணுக்களின் இருப்பிடத்தை வரையறுத்தார்.

வண்ண மீன் ஏற்றுமதியில் பெயர் பெற்ற சிங்கப்பூரில் பண்ணை வகைகளைக் கொண்டு பின்னர் ஆய்வுகள் நடைபெற்றன. பாம்புத் தோல் போன்ற கோலத்திற்குரிய மரபணுக்கள் ஒய் குரோமோசோமில் உள்ளன என 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னுடல் கறுத்தும் வால் சிவந்தும் காணப்படும் டக்சீடோ வகையில் அவ்விரு பண்புகளுக்குரிய மரபணுக்கள் எக்ஸ், ஒய் இரண்டிலும் அமைந்துள்ளன என்பது 1999-இல் தெளிவாயிற்று.

இதனால் பண்ணையாளர் அறிய வேண்டியது யாது? பாம்புத் தோல் ஆண் ஒன்றை வாங்கி எந்தப் பெண்ணுடன் சேர்த்தாலும் மகன்களிடம் கோலம் தோன்றும். ஆனால் வாலின் நிறத்திலும் வடிவத்திலும் உடலின் அடிப்படை நிறத்திலும் தாயின் பங்கு கலந்துவிடும். கோலம் இருந்தும் வகை கெட்டுப்போகும். கண்ணுக்கு அழகற்ற பெண் மீனே வகையின் சரிபாதி ஆகும்.

வெண்ணிறத்தையும் பொன்னிறத்தையும் தரும் சில மரபணுக்கள் பாலினத்தோடு தொடர்பற்றவை. ஒடுங்கு தன்மை உடையவை. சிவந்த கண்ணுடைய வெண்ணிற ஆணைத் தூய சாதாரணப் பெண்ணுடன் சேர்த்தால் குட்டிகள் அனைத்தும் சாதாரண நிறமாகவே பிறக்கும். ஏமாற்றப்பட்டதாக எண்ணி அவற்றைக் கழித்துவிடுவோர் பலர். அக்குட்டிகளைத் தம்முள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 40 குட்டிகளில் சுமார் 10, வெண்ணிறமாகும். எஞ்சிய 30-இல் சுமார் 20 குட்டிகள் அப்பண்பை மறைவாகத் தாங்கியிருக்கும்.

தூய வழியைக் காத்தல்

பெண் கப்பி ஆணின் விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைக்கும். ஒரு முறை சேர்ந்த பெண், பின்னர் ஆண் இல்லாத தொட்டியிலும் பலமுறை குட்டி ஈனும். கலப்புத் தொட்டியிலிருந்து வாங்கிய பெண்ணின் குட்டிகளுக்குத் தந்தை எது என்று எவரும் கூற இயலாது. ஆகவே குட்டிகளை மூன்று முதல் நான்கு வாரங்களுக்குள் பிரித்தல் வேண்டும். ஆணின் அடித்துடுப்பு நீண்டு குறுகத் தொடங்குவதும், பெண்ணின் வயிற்றோரம் கரும்புள்ளி தோன்றுவதும் அடையாளங்கள். ஆணுடன் சேராத பெண்ணே இனப்பெருக்கத்திற்கு உரியது.

மிகச் சில மீன்களையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் உட்கலப்பு மிகுந்து குட்டிகளின் எண்ணிக்கையும் நலமும் குறையும். ஒரு தலைமுறையில் உட்கலப்பு உயரும் அளவை எளிதாகக் கணக்கிடலாம். 1-ஐ ஆண்களின் எண்ணிக்கையின் எட்டு மடங்கால் வகுத்து, அதனுடன் 1-ஐப் பெண்களின் எண்ணிக்கையின் எட்டு மடங்கால் வகுத்ததைக் கூட்டினால் போதும். ஓர் ஆணும் 4 பெண்களும் எனில் உயர்வு 15.6 விழுக்காடு. 10 ஆண்களும் 20 பெண்களும் எனில் 1.9 விழுக்காடு மட்டுமே. கூடுதலாகச் சில தொட்டிகளை ஒதுக்கும் செலவு இவ்விழப்பைத் தவிர்க்கும் காப்பீடு எனக் கொள்ளலாம்.

தேர்வு எனும் இடையறாத செயல்

டிரினிடாட் ஓடைகளில் பகை மீன்கள் மிகுந்த இடங்களில் ஆண் கப்பிகள் மங்கலாகவும், குறைந்த இடங்களில் பகட்டாகவும் இருப்பதை ஜான் எண்ட்லர் ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டார். செயற்கைக் குளங்களில் பகை மீன்களை விட்டபோது, ஏறத்தாழ 14 மாதங்களுக்குள் ஆண்களின் புள்ளிகள் குறைந்தன. பகை மீன் இல்லாத குளங்களில் புள்ளிகள் பெருகின.

பண்ணைக்கும் இது பொருந்தும். பல சிறு பண்ணைகளில் பகட்டான ஆண்கள் முதலில் விற்கப்படுகின்றன. எஞ்சியவை அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகின்றன. ஓடையில் பகை மீன் செய்த வேலையை இங்கே விற்பனை செய்துவிடுகிறது. ஓராண்டில் வகை மங்கியதும் தண்ணீரையும் தீவனத்தையும் குறை கூறுவது வழக்கம். விதை நெல்லை முதலில் எடுத்து வைத்த பின்னரே உணவு நெல்லை அளப்பது உழவர் மரபு. அம்மரபை மீன் தொட்டிக்கும் கொண்டுவருதல் வேண்டும்.

நிர்வாகம் கவனிக்க வேண்டியவை

2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்பு அலகுகளும் இடம்பெற்றன. அலகுச் செலவில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், மகளிருக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் உதவியாக வழங்க வகை செய்யப்பட்டது. தொட்டி, கூரை, காற்றுக் கருவி ஆகியவை கண்ணால் அளக்கக்கூடியவை. பயன்பாட்டுச் சான்றில் எளிதில் இடம்பெறுபவை. தாய்மீனின் தூய்மை அவ்வாறு தென்படுவதன்று. ஆயினும் தொட்டியில் இட்ட மூலதனம் பலன் தருவதும் தராததும் அதனைப் பொறுத்ததே.

எனவே மூன்று செயல்கள் பயன் தரும். முதலாவது, அரசுப் பண்ணைகள் ஒரே வகையின் ஆண்களையும், ஆணுடன் சேராத பெண்களையும் பயனாளிகளுக்கு வழங்குதல். இரண்டாவது, பெற்றோர், பிறந்த நாள், தொட்டி எண் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேட்டைப் பயிற்சியின் பகுதியாக்கி, அலுவலர் பார்வையிடும்போது அதனையும் கேட்டறிதல். மூன்றாவது, கழிக்கப்பட்ட கப்பிகளை ஓடைகளிலும் குளங்களிலும் விடாதிருக்கச் செய்தல். ஒரு பெண் மீனே புதிய கூட்டம் ஒன்றைத் தொடங்கவல்லது. நாட்டு மீன்களின் இடத்தை அது பற்றிக்கொள்ளக்கூடும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு பதிவேடும், சில கூடுதல் தொட்டிகளும், சிறந்த இணைகளை விற்காமல் வைக்கும் உறுதியும் போதுமானவை. நிறம் தொட்டியில் தோன்றினாலும், அதன் நிலைபேறு பண்ணையாளரின் ஏட்டிலேயே உள்ளது.