பழைய ரெக்கார்டு: 78, இ.பி., எல்.பி. – எதை வாங்கலாம்?

திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் வட்டாரத்தில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய மைக்செட்காரர்கள்தான் ஒரு காலத்தில் ஊரின் இசைக் கருவூலம். கேசட் வந்ததும் அவர்களுடைய ரெக்கார்டு பெட்டிகள் பரணுக்குப் போயின. இன்று அவற்றைத் தேடிப் போகிறவர்கள், எந்தக் குரலைக் கேட்க ஆசை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வாங்க வேண்டிய தட்டு எது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

78 சுற்றுத் தட்டு

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டு இது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பாட்டு. நம் மாவட்டத்துக்காரரான சிதம்பரம் எஸ். ஜெயராமன் ‘பராசக்தி’ (1952), ‘ரத்தக்கண்ணீர்’ (1954), ‘புதையல்’ (1957) படங்களில் பாடிய காலம் இந்தத் தட்டின் காலம். அந்தக் கனத்த குரலை அது முதலில் வெளிவந்த வடிவிலேயே கேட்க வேண்டுமென்றால் 78தான் வழி.

சிரமங்களும் உண்டு. கீழே விழுந்தால் உடையும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். வரிப்பள்ளம் அகலமானது என்பதால் எல்.பி. ஊசி இதற்குப் பொருந்தாது. 78 வேகமும் அதற்கான தனி ஊசியும் உள்ள பிளேயர் வேண்டும். சாவி கொடுக்கும் கிராமபோனில் போடுவதானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி மாற்றுங்கள்.

இ.பி.

ஏழு அங்குலம், 45 சுற்று. பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. அறுபதுகளின் சினிமாப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, பி.பி. ஸ்ரீநிவாஸ், எல்.ஆர். ஈஸ்வரி என எல்லாரும் இதில் கிடைப்பார்கள். ஜாஸ் வாசனை பிடித்தவர்கள் 1964இல் வந்த ‘புதிய பறவை’, ‘காதலிக்க நேரமில்லை’ இரண்டையும் தேடலாம். மேற்கத்திய வாத்தியங்களை விஸ்வநாதன்–ராமமூர்த்தி எவ்வளவு உரிமையோடு கையாண்டார்கள் என்பது அவற்றில் விளங்கும்.

எல்.பி.

பன்னிரண்டு அங்குலம், 33⅓ சுற்று. ஒரு பக்கம் சுமார் இருபது நிமிடம் ஓடும். நீண்ட கர்நாடக இசைக்கும் பக்தி இசைக்கும் ஏற்றது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘வேங்கடேச சுப்ரபாதம்’ (1963) பல வீடுகளில் இன்னும் இருக்கும். இளையராஜாவின் எழுபது, எண்பதுகளின் படப் பாடல்களையும் எல்.பி.யில் தேடலாம். எல்.பி.யைக் கிராமபோனில் மட்டும் போடாதீர்கள். எஃகு ஊசி ஒரே தடவையில் வரியைக் கிழித்துவிடும். வெயிலில் வைத்தால் வளைந்தும் போகும். எல்லாத் தட்டையும் நிழலில், நிமிர்த்தியே அடுக்குங்கள்.

எங்கே வாங்குவது?

மைக்செட்காரர்களிடம் பாட்டு வகை அதிகம், விலையும் பேசலாம். ஆனால் கனமான ஊசிக்கடியில் பல நூறு தடவை ஓடிய தட்டுகள் அவை. தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மினுமினுப்புப் போய்ச் சாம்பல் பூத்திருந்தால் வரி தேய்ந்துவிட்டது. நகத்தில் தட்டுப்படும் கீறல் ஊசியைத் துள்ள வைக்கும். உறைக்குள் வேறு படத்தின் தட்டு இருப்பது சகஜம். லேபிளைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

பெண்ணாடத்தில் ரயில் ஏறினால் சென்னை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு வியாபாரிகள் பலர் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். இப்படிப்பட்ட பழைய பொருள் கடைகளில் விலை கூடுதல்தான், ஆனால் போட்டுக் கேட்டு வாங்கலாம். தபாலில் வாங்குவது கடைசி வழி. அதிலும் 78 வேண்டாம், உடைந்து வந்து சேரும் அபாயம் அதிகம்.

முடிவு

முதன்முதலாகத் தொடங்குகிறவர்கள் இ.பி. வாங்குங்கள். விலை குறைவு, உடையாது, எல்.பி. ஓடும் பெரும்பாலான பிளேயர்களிலும் ஓடும். கச்சேரி ரசிகர்களுக்கு எல்.பி. ஜெயராமன் குரலுக்கு மனம் ஏங்குகிறவர்கள் மட்டும், ஊசியும் பிளேயரும் கையில் வந்தபின் 78க்குப் போகலாம்.

உங்கள் தெருவில் மைக்செட் வைத்திருந்தவர் யாராவது இருந்தால், பரணில் இருப்பதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள். எந்த ஊர், யாருடைய செட் என்பதை உறையின் உட்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.