பெடல்போர்டு வாங்கப் போகிறீர்களா?

முதலில் வீட்டிலேயே உங்கள் பெடல்களைத் தரையில் பரப்பி, கேபிள்களையும் செருகி அளந்துவிடுங்கள். பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல் சுமார் 73 மி.மீ. அகலம், 129 மி.மீ. நீளம். பக்கவாட்டில் பிளக் செருகினால் இன்னும் இடம் பிடிக்கும். கூடுதலாக ஒரு பெடலுக்கும் இடம் விடுங்கள்; எப்படியும் ஒன்று வந்து சேரும்.

பளபளப்பைவிட உறுதிதான் முக்கியம். கடையிலேயே பலகையைத் தரையில் வைத்து நடுவில் காலால் அழுத்துங்கள். வளைந்தாலோ, ஒரு மூலை எழும்பினாலோ வேண்டாம். என் முதல் பலகை மெல்லிய பிளைவுட். மேடையில் வா பெடலை மிதித்ததும் நடுவில் தொய்ந்தது. இரண்டு பெடலை இணைத்திருந்த குட்டிக் கேபிள் கழன்று, பாட்டின் நடுவே கிட்டார் ஊமையாகிவிட்டது. வா பெடலில் பாதத்தின் பாரம் முன்னும் பின்னும் மாறி மாறி இறங்கும். அதைத் தாங்காத பலகை எதற்கு?

அலுமினியச் சட்டம் எடை குறைவு, இரும்பைப் போலத் துருவும் பிடிக்காது. மூலைகளில் பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், விரிசல் இருந்தால் தெரியும். ரப்பர் கால்கள் ஒட்டியவையாக இல்லாமல் திருகியவையாக இருக்கட்டும்.

வெல்க்ரோ ஒட்டும்முன் பெடலின் அடியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். சொரசொரப்பான பக்கம் பெடலுக்கு, மெத்தென்ற பக்கம் பலகைக்கு.

பவர் சப்ளை பலகையின் அடியில் பொருந்துகிறதா என்றும் கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.